பிளக்கைக் கழட்டிப் பாரு

சாலையோரத்தில் வண்டி நின்றுவிட்டால், எட்டிப் பார்க்க வருகிறவர் டீக்கடைக்காரராக இருந்தாலும் சரி, லாரி டிரைவராக இருந்தாலும் சரி, முதலில் சொல்வது ஒன்றுதான்: “பிளக்கைக் கழட்டிப் பாரு.” டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்ற கேள்விகூட அதற்குப் பிறகுதான் வரும். இந்தப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கழட்டி மாற்று என்று யாரும் சொல்வதில்லை. கழட்டிப் பார் என்றே சொல்கிறார்கள்.

பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. வைத்தியர் நாடி பிடிப்பதோடு நின்றுவிட மாட்டார். நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறம், ஈரம், மேலே படிந்திருப்பது எல்லாவற்றையும் பார்ப்பார். வயிற்றுக்குள் நடப்பதை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த நாக்கு ஸ்பார்க் பிளக். பெட்ரோல் எரிகிற அறைக்குள் முனையை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பொருள், ஒரு பிளக் ஸ்பேனர் இருந்தால் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள நெடுங்காலம் வேறு நல்ல வழி இருக்கவில்லை.

ஆனால் அந்தப் பொருளை எஞ்சினில் நிலைக்க வைப்பதற்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1860-ல் பாரிஸில் எத்தியென் லெனுவார் தன் வாயு எஞ்சினை மின்பொறியால் பற்றவைத்தார். பீங்கானுக்குள் கம்பி செருகிய அவருடைய கருவியைத்தான் இன்றைய பிளக்கின் மூதாதை என்பார்கள். அடுத்து வந்த பெரிய ஆட்கள் மின்சாரத்தை நம்பவில்லை. 1876-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக்காட்டிய நிக்கோலஸ் ஓட்டோ, சுடரையே ஒரு நகரும் தட்டின் வழியாகச் சிலிண்டருக்குள் காட்டிப் பற்றவைத்தார். காட்லீப் டைம்லர், வெளியிலிருந்து விளக்கு வைத்துப் பழுக்கக் காய்ச்சிய ஒரு சிறு குழாயைப் பொருத்தினார். பக்கத்திலேயே பெட்ரோலை வைத்துக்கொண்டு, திறந்த சுடரோடு சாலையில் போன வண்டிகள் அவை.

கார்ல் பென்ஸ் மட்டும் பேட்டரி, காயில், பொறி என்ற வழியைப் பிடித்துக்கொண்டார். 1886-ல் காப்புரிமை பெற்ற அவருடைய மூன்று சக்கர வண்டியை, 1888 ஆகஸ்டில் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப்போனார். ஏறத்தாழ 104 கிலோமீட்டர். பெட்ரோல் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டதும், பொறிக்குப் போகும் ஒயரின் காப்பு தேய்ந்தபோது காலுறையை இறுக்கும் பட்டியைக் கழற்றி அதைச் சுற்றிச் சமாளித்ததும் வரலாற்றில் நிற்கின்றன. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே கரண்ட் கோளாறு வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் ஒரு பெண் என்பதையும் ஒர்க்ஷாப் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோனதுதான் அன்றைய பெரும் தலைவலி. 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் சிறிய பட்டறை தொடங்கிய ராபர்ட் போஷ், எஞ்சின் சுற்றும்போதே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவை மறு ஆண்டு ஒரு நிலை எஞ்சினுக்குச் செய்துகொடுத்தார். 1897-ல் அது ஒரு தெ தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டியில் ஏறியது. அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட், 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்தே உருவாக்கினார். அதோடு சுடரும் சூட்டுக் குழாயும் கார்களிலிருந்து விடைபெற்றன. டீசல் பம்பிலும் துளையிடும் மெஷினிலும் இன்று பார்க்கிற போஷ் சின்னம், வட்டத்துக்குள் இருக்கும் அந்த உருவம், மேக்னெட்டோவுக்குள் சுழலும் ஆர்மெச்சூரின் வெட்டுத் தோற்றம்தான்.

கோளாறு பார்க்கும் கலையைக் கோடிக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வண்டி ஃபோர்டின் மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற அந்தக் காரில், நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் காயில்கள் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு காயிலின் தலையிலும் ஒரு மெல்லிய தகடு ரீங்காரமிட்டுக்கொண்டே அதிரும். வண்டி மிஸ் அடித்தால் ஓட்டுகிறவர் பெட்டியைத் திறந்து அந்தத் தகடுகளை விரலால் அமுக்குவார். ஒன்றை அமுக்கியதும் எஞ்சின் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அமுக்கியும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு அங்கேதான். அந்தப் பிளக்கைக் கழற்றுவார். அக்காலப் பிளக்குகள் பலவற்றை நட்டைத் திருகிப் பீங்கானைத் தனியே உருவிக் கரியைத் துடைத்து மறுபடி மாட்டலாம். கரி பிடிப்பது வாரத்துக்கு வாரம் நடக்கும் சங்கதியாக இருந்ததால்தான் பிரித்துக் கழுவும்படி பிளக்கைச் செய்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ‘சாம்பியன்’ பிளக் என்றால் வெற்றிவீரன் என்ற பொருளில் வைத்த பெயர் என்றே நம் ஒர்க்ஷாப்புகளில் நினைத்திருப்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர். ஆல்பர்ட் சாம்பியன் பாரிஸில் பிறந்த சைக்கிள் பந்தய வீரர். கருங்கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 1899-ல் வென்றவர். அமெரிக்கா போய் 1905-ல் பாஸ்டனில் தன் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸை உருவாக்கிய வில்லியம் டூரன்ட் அழைக்க, மிச்சிகனின் ஃபிளின்ட் நகருக்குப் போய்விட்டார். பாஸ்டனில் கூட்டாளிகளாக இருந்த ஸ்ட்ரானஹன் சகோதரர்கள் ‘சாம்பியன்’ என்ற பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனியை 1910-ல் டொலிடோவுக்குக் கொண்டுபோனார்கள். சொந்தப் பெயரையே பிளக்கில் போட முடியாமல்போன ஆல்பர்ட், தன் முதலெழுத்துகளான ஏ.சி.யைப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவின் இரண்டு பெரிய பிளக் போட்டியாளர்களும் ஒரே மனிதரின் பெயரைத்தான் சுமந்திருந்தார்கள்.

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டியபோது அவருடைய விமானத்தில் இருந்தவை ஏ.சி. பிளக்குகள். ஒன்பது சிலிண்டர் ரைட் எஞ்சின், சிலிண்டருக்கு இரண்டு வீதம் பதினெட்டு பிளக். முப்பத்து மூன்றரை மணி நேரப் பறப்பு, பெரும்பகுதி கீழே கடல், இறங்க வழியில்லை. கரி பிடித்தால் கழற்றித் துடைக்க முடியாது, சூடேறினால் நிறுத்தி ஆறவிட முடியாது. அந்த ஒரு பறப்பு பிளக் தொழிலுக்குச் செய்த விளம்பரத்தை வேறு எதுவும் செய்ததில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஆல்பர்ட் சாம்பியன் பாரிஸில் இறந்தார். வயது 49.

பிளக்கின் உடலில் வெள்ளையாகத் தெரியும் பகுதிக்கும் ஒரு கதை இருக்கிறது, அதில் தமிழுக்கும் பங்கு உண்டு. நடுக்கம்பியில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். அது எஞ்சினின் இரும்பில் எர்த் ஆகிவிடாமல் தடுப்பது அந்த வெள்ளைக் காப்புதான். முதலில் வந்த பீங்கான், சூடும் குளிரும் மாறி மாறித் தாக்க, விரிசல் விட்டது. முதல் உலகப் போர்க் காலத்து விமான எஞ்சின்களுக்கு மைக்கா தகடுகளை அடுக்கிக் காப்புச் செய்தார்கள். இங்கிலாந்தில் பந்தய ஓட்டுநர் கெனெல்ம் லீ கின்னஸ் அப்படிப்பட்ட பிளக்குகளுக்குப் பேர்போனவர். நிரந்தரத் தீர்வு 1930-களில் வந்தது. ஜெர்மனியின் சீமென்ஸ், அலுமினாத் தூளை உருகவிடாமல் சுட்டு இறுக்கி ஒரு காப்பு செய்து, அதற்கு ‘சிண்டர்கொருண்ட்’ என்று பெயர் வைத்தது. சுட்ட குருந்தம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். மொழிபெயர்ப்புக்காக இட்டுக்கட்டிய சொல் இல்லை இது: ஐரோப்பிய மொழிகளில் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். சாணைக்கல்லுக்குப் பயன்பட்ட குருந்தம் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைப் பகுதிப் பாறைகளில் உண்டு. இன்று உலகில் ஓடும் பெட்ரோல் வண்டி எதில் இருக்கிற பிளக்கைக் கழற்றினாலும் அதன் வெள்ளை உடம்பு அந்தக் குருந்தத்தின் உறவுதான்.

ஜப்பானில் இதே கதை சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. நகோயாவில் 1904-ல் பீங்கான் தட்டு செய்யத் தொடங்கிய கம்பெனியிலிருந்து 1919-ல் மின்கம்பப் பீங்கான் செய்யும் கம்பெனி பிரிந்தது. அதிலிருந்து 1936-ல் பிளக் கம்பெனி பிரிந்தது. என்.ஜி.கே. என்று பிளக்கில் படிக்கிற மூன்றெழுத்து, அந்த மின்கம்பப் பீங்கான் கம்பெனியின் ஜப்பானியப் பெயர்ச் சுருக்கம்.

காப்பு உறுதியானதும் தொழிலின் கவனம் சூட்டின் மேல் திரும்பியது. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரி தானாக எரிந்து உதிரும். 850 டிகிரியைத் தாண்டினால் முனையே கங்காகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இந்த இரண்டு எல்லைக்கு நடுவில் முனையை நிறுத்துவதே பிளக் செய்கிறவரின் வேலை. உள்ளே இருக்கும் வெள்ளை மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும். அது ‘ஹாட்’ பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று ஹெட்டுக்கு இறங்கிவிடும். அது ‘கோல்ட்’ பிளக். பொறியின் சூட்டுக்கும் இந்தப் பெயர்களுக்கும் தொடர்பில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடப் பிளக் ‘கோல்ட்’ ஆகும். போஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் ‘ஹாட்’ ஆகும். மரை ஒன்றாக இருக்கிறது, உயரம் ஒன்றாக இருக்கிறது என்று கடைக்காரர் வேறு கம்பெனிப் பிளக்கை நீட்டும்போது, கம்பெனிகள் தரும் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்காமல் வாங்கி மாட்டினால், ஓடத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்துக் கரியாகவோ வெந்த முனையாகவோ அது பேசும்.

அந்தப் பேச்சைப் படிக்கத்தான் பிளக் கம்பெனிகள் வண்ணப் படங்கள் அச்சிட்டு ஒர்க்ஷாப் சுவர்களுக்கு அனுப்பின. வெந்த ரொட்டியின் இளம்பழுப்பு, அல்லது சாம்பல் நிறம்: எஞ்சின் நலம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் மாட்டியிருக்கலாம், அல்லது வண்டி தினமும் தெருமுனைக் கடைவரை மட்டுமே ஓடிச் சூடேறாமலே நிற்கலாம். கரி பளபளவென்று எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே இறங்குகிறது. மூக்கு சுண்ணாம்பாக வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கரி பிடித்த பிளக்கால் வண்டி நிற்கும். வெளுத்த பிளக்கை அலட்சியப்படுத்தினால் எஞ்சினே போகும். வெளுப்பைப் பார்த்துச் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று திருப்தியாகத் திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு.

வெளிப்புறத்து வெள்ளையில், இரும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பழுப்பு வளையம் படிவதையும் பார்க்கலாம். காற்று கசிகிறது என்று சொல்லிப் பிளக்கை மாற்றிவிடுவார்கள். கசிவு இல்லை அது. உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை. அதனால் ஒரு கெடுதலும் கிடையாது.

பந்தயக்காரர்கள் இந்தப் படிப்பைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார்கள். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துக் கிளட்சை அமுக்கி, எஞ்சின் மறுபடி சுற்றாமல் வண்டியை உருட்டிவந்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் அந்த மெதுவோட்டத்தின் கரி மேலே படிந்து உண்மையை மறைத்துவிடும்.

பெட்ரோல் மாறியபோதெல்லாம் பிளக்கின் நோயும் மாறியது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சின் தட்டுவதை ஈயக் கலவை நிறுத்திவிடுகிறது என்று கண்டார். 1923 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எரிந்த ஈயம் பிளக்கிலும் வால்விலும் கண்ணாடிபோல் படிந்தது. எஞ்சின் சூடேறியதும் அந்தப் படிவு மின்சாரத்தைக் கசியவிட, மேட்டில் ஏறும்போது வண்டி மிஸ் அடித்தது. படிவைப் புகையோடு வெளியேற்ற புரோமின் கலந்த வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அதற்கு வேண்டிய புரோமினுக்காக 1934-ல் வட கரோலினாவின் கூரே கடற்கரையில் கடல்நீரிலிருந்து புரோமின் எடுக்கும் தொழிற்சாலையே எழுந்தது. பிளக் சுத்தமாக இருக்கக் கடலை இறைத்தார்கள். பிளக்கை விட்டு வெளியேறிய ஈயம் தெருவில் நின்ற குழந்தைகளின் மூச்சில் சேர்ந்ததை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தனைக்கும் 1924-லேயே நியூஜெர்சியில் அந்தக் கலவை செய்த தொழிலாளர்கள் ஐந்து பேர் நஞ்சேறி இறந்திருந்தார்கள். பிளக்கின் வரலாற்றில் மன்னிக்க முடியாத பக்கம் அது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுதும் ஈயம் நின்றது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

நம் பக்கத்தில் பிளக்குக்கு இன்னொரு பெயர் மைக்கோ. 1951-ல் பெங்களூரில் போஷ் கூட்டோடு தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம் அது. 2008-ல் கம்பெனி பெயர் போஷ் என்று மாறிய பிறகும் “ஒரு மைக்கோ பிளக் குடுங்க” என்று கேட்பது நிற்கவில்லை. அந்தப் பிளக்குகளை அதிகம் தின்றவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, அதோடு ஆர்.எக்ஸ். 100, ஜாவா, எஸ்டி, ஸ்கூட்டர்கள். பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே எரிக்கும் எஞ்சின் என்பதால் கரி கட்டாயம். சில சமயம் முடியிழைபோல் ஒரு கரித்துணுக்கு இரண்டு முனைக்கும் பாலம் போட்டுவிடும். எத்தனை கிக்கர் அடித்தாலும் பயனிருக்காது.

அந்தத் தலைமுறையில் சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பேனர், கந்தல் துணியில் சுற்றிய பழைய பிளக், ஒரு துண்டு உப்புத்தாள் இல்லாத வண்டி அபூர்வம். கழற்றிய பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் இரும்பு எஞ்சினைத் தொடும்படி வைத்து, கிக்கரை உதைத்து நீலப் பொறி ‘சட்’டென்று வருகிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் காயிலைச் சந்தேகிப்பார்கள். பெரிய ஒர்க்ஷாப்பில் மணலைக் காற்றோடு பீய்ச்சிக் கரியெடுக்கும் மெஷின் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத பையன்கூட ஒரே பார்வையில் “ஆயில் தூக்கலா இருக்குண்ணே” என்று சொல்லிவிடுவான்.

கார்களில் அந்தப் பார்வைக்கு வேலை குறைந்துவருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு பிளக் வினாடிக்கு 25 முறை பொறி விடுகிறது, மணிக்கு 90,000 முறை. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து அணுக்களைத் தின்றுகொண்டே போகும். இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள கேப் அகலும், காயிலுக்குச் சுமை கூடும். நிக்கல் முனை 1455 டிகிரியில் உருகுவது. இரிடியம் 2446 டிகிரி வரை தாங்கும். அதனால் முனையை ஊசிபோல் மெலிதாக்க முடிந்தது, பிளக் லட்சம் கிலோமீட்டர் வரை உழைத்தது. உப்புத்தாளும் கம்பி பிரஷும் அதன் அருகே போகவே கூடாது. மெல்லிய முனை ஒடிந்துவிடும்.

மிஸ் அடிப்பதை இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான முறையின்படி, பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. ஸ்கேனரில் எண் வந்ததும் பிளக்கை மாற்றிப் பில் போடுவது எளிது. மிஸ் அடிக்கும் வண்டியை அப்படியே ஓட்டுவது முன்பைவிட இப்போது அதிகச் செலவு வைக்கும்: எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மினுங்கத் தொடங்கினால் ஓரமாக நிறுத்துவதே நல்லது.

பழைய கை பழகிய மெக்கானிக் இன்றும் வேறு மாதிரி வேலை செய்கிறார். எஞ்சின் ஆறும்வரை தொடமாட்டார். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். பிளக் குழிகளில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுவார், வாட்டர் சர்வீஸில் தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். கழற்றிய நான்கையும் ஒரு செய்தித்தாளில் வரிசை மாறாமல் வைப்பார். ஒன்று, இரண்டு, நான்கு இளம்பழுப்பு. மூன்றாவது கருத்து, விளக்குத்திரிபோல் ஈரமாக இருக்கும். “மூணாவத மட்டும் மாத்திடுங்கண்ணே” என்பார் வண்டிக்காரர். மெக்கானிக் மூன்றாவது பிளக்கைத் துடைத்து ஒன்றாம் இடத்திலும், ஒன்றாவதை மூன்றாம் இடத்திலும் கையாலேயே திருகத் தொடங்குவார். மரை ஏறிய பிறகுதான் ஸ்பேனர், அதுவும் அளவான இறுக்கம். “ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க” என்பார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தித்தாள் விரியும். ஒன்றாம் இடத்துக்குப் போன பழைய பிளக் காய்ந்து பழுப்பேறியிருக்கும். மூன்றாம் இடத்துக்கு வந்த நல்ல பிளக்கின் மூக்கில் எண்ணெய் மின்னும். அவர் அதை வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வால்வு சீலுக்கு என்ன விலை என்று கடைக்குப் போன் போடுவார்.